சல்லி செலவில்லாமல் டிஜே ஆவது எப்படி

டிஜே ஆவதற்கு முதலில் வேண்டியது பெயர். லப்டொப், பொக்ஸ், பாட்டு எல்லாம் மறுகா பார்த்துக்கொள்ளலாம். அம்மா அப்பா வைத்த பெயரின் முதல் எழுத்தை எடுத்து, அதன் பின்னால் ஓர் இசட்டையோ எக்ஸையோ ஒட்டினால் போதும். நம்முடைய பக்கத்தில் இதற்கு மேல் ஒருவரும் விசாரிப்பதில்லை. அந்தப் பெயரை ஸ்டிக்கராக அடித்து லப்டொப்பின் மூடியில் ஒட்டுங்கள். சபை இரவு முழுக்கப் பார்க்கப்போவது அந்த மூடியைத்தான். மூடிக்கு அங்காலே நீங்கள் பாட்டுக் கலக்குகிறீர்களா, சீட்டு விளையாடுகிறீர்களா என்பது உங்களுக்கும் உங்கள் மனச்சாட்சிக்கும் உள்ள விசயம்.

அடுத்தது மென்பொருள். இதற்கு ஊரில் காலங்காலமாக இருந்துவரும் வழி ஒரு மச்சானின் பென்ட்ரைவ். விலைக்கு விற்கும் மென்பொருள் ஒன்றின் பூட்டுடைத்த பிரதி அதில் இருக்கும். மச்சானுக்கே தெரியாமல் நாலைந்து வைரஸும் குடியிருக்கும். கலியாண வீட்டில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் நுழையும் நேரம் பார்த்து, 'உங்கள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது' என்று திரையில் ஒரு பெட்டி எழும்பும். அந்தப் பெட்டியைச் சந்திக்க விரும்பாதவர்களுக்கு மிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அதை ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். ஆகவே தேடும்போது அம்மா முதுகுக்குப் பின்னால் நிற்காத நேரமாகப் பார்த்துத் தட்டுங்கள். நின்றுவிட்டால் பதற வேண்டாம். 'இது கம்பஸ் ஆராய்ச்சியம்மா' என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. 2001ஆம் ஆண்டு டென்மார்க்கில் ட்யூ ஹாஸ்ட் ஆண்டர்சன் என்பவர் கலாநிதிப் பட்டத்துக்காக, டிஜேமாருக்கு இதைவிட நல்ல கருவி செய்ய முடியுமா என்று ஆராய்ந்தபோது பிறந்தது அது. ஆய்வு முடிந்த பிறகும் பிள்ளை அனாதையாகவில்லை. பல நாட்டுத் தொண்டர்கள் சம்பளமில்லாமல் வளர்த்தார்கள். 2015 டிசம்பர் 31 அன்று, உலகத்து டிஜேமார் எல்லாம் ஆண்டின் பெரிய உழைப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாளில், நாலு தட்டுகளோடு 2.0 பதிப்பை வெளியிட்டார்கள். எழுதுகிறவர்கள் வெளியே ஆடப் போவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜீபிஎல் உரிமம் என்பதால் எடுக்கலாம், மச்சானுக்கும் கொடுக்கலாம், வல்லமை இருந்தால் உள்ளே திறந்து திருத்தலாம். பாட்டு உங்கள் கொம்பியூட்டருக்குள் இருக்கவேண்டும், ஸ்பொட்டிஃபையிலிருந்து இழுக்காது. அதற்காக மிக்ஸைக் குறைசொல்ல வேண்டாம், 2020 ஜூலையில் ஸ்பொட்டிஃபை எல்லா டிஜே மென்பொருள்களுக்கும் கதவைச் சாத்தியது, பிறகு ஒரு சிலவற்றுக்கு மட்டும்தான் திறந்தது. சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் வளவுகளில் கொட்டகை போட்டு ஆடும் நமக்கு, இணையமே தேவையில்லாத மென்பொருள்தான் தோது. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். மென்பொருள் இலவசம், பாட்டு இலவசமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. கலியாண வீடுகளில் அதற்கு அழைப்பு வைக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

மிக்ஸைத் திறந்ததும் திரையில் இடமும் வலமுமாக இரண்டு தட்டு தெரியும். வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் வேண்டும். நமக்கு வேண்டாம். இடது தட்டு படுவான்கரை, வலது தட்டு எழுவான்கரை, நடுவில் மட்டக்களப்பு வாவி. கீழே இடமும் வலமுமாக நகரும் சட்டம், கிரொஸ்ஃபேடர் என்பார்கள், அதுதான் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் ஆளையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போய்வந்த அதே பாதை. இந்தக் கரையில் ஒரு பாட்டு ஓடுகிறது. அந்தக் கரையில் அடுத்த பாட்டு ஏறத் தயாராக நிற்கிறது. பாதையைத் தள்ளினால் சபை அக்கரைக்குப் போய்ச் சேரும். நடு வாவியில் இரண்டு பாட்டும் சேர்ந்து கேட்கும். அங்கே மினக்கெடக்கூடாது. புதியவர்கள் அக்கரையில் இறங்குதுறை இருக்கிறதா என்று பாராமலே தள்ளிவிடுவார்கள். பாட்டு தொடங்கும் இடத்தைக் கியூ பொத்தானால் குறித்து வைக்காவிட்டால், சபை போய் இறங்குவது ஒரு வயலின் ஆலாபனையின் நடுவில்.

மண்முனையில் 2014இல் பாலம் திறந்ததோடு அங்கே பாதையின் வேலை முடிந்தது. மிக்ஸிலும் அப்படி ஒரு பாலம் உண்டு. அதன் பெயர் ஓட்டோ டிஜே. பாட்டுகளை வரிசையில் அடுக்கி, ஒன்று மங்கி மற்றது எழும்ப எத்தனை செக்கன் என்று சொல்லிவிட்டால், விடியும்வரை தானே நடத்தும். பந்தியில் கடைசி ஆளாக உட்காரும் டிஜேக்கு வெறும் சோறும் பருப்பும்தான் மிஞ்சும் என்பதால், இதை அறிந்துவைத்திருப்பது உயிர் காக்கும் கல்வி. ஆனால் வெளியில் சொல்லாதீர்கள். ஓட்டோ டிஜே ஓடுகிறபோதும் ஹெட்போனை ஒரு காதில் அழுத்திப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, ஏதாவது ஒரு திருகியைத் தொட்டபடி நிற்பது தொழில் தர்மம்.

ஹெட்போன் அலங்காரப் பொருளில்லை என்பதையும் சொல்லவேண்டும். சபைக்குப் போகுமுன் அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் கேட்பதற்கு அது. இந்தக் கலையில் உலகத்துக்கே முன்னோடி நாம்தான். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இரவில் வாவிக்குள் போய்ப் பாடுமீனைக் கேட்டார். வள்ளத்தின் பலகையில் காதை வைத்ததும் ஓசை பல மடங்கு கூடியதாக, 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தன் நூலில் எழுதினார். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது நம்முடைய மீன்பிடிகாரருக்குத் தெரிந்த வித்தை. கரையில் நிற்பவனுக்குக் கேட்காது, துடுப்புப் பிடித்தவனுக்குக் கேட்கும். டிஜேயின் ஹெட்போன் செய்வதும் இதே காரியம்தான்.

சிக்கல் என்னவென்றால், லப்டொப்பில் ஓசை வெளியே வர ஒரு துளைதான் இருக்கும். பொக்ஸுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் கார்ட் ஒன்று வாங்குங்கள். மிக்ஸின் சவுண்ட் ஹார்ட்வெயார் பக்கத்தில் மெயின் என்பதை ஒன்றுக்கும் ஹெட்போன் என்பதை மற்றதற்கும் கொடுங்கள். மாறிக் கொடுத்துவிட்டால் நீங்கள் இரகசியமாகத் தேடிப் பார்க்கும் பாட்டெல்லாம் சபைக்குக் கேட்கும். சபை கேட்கவேண்டியது உங்கள் காதுக்குள் ஓடும். புளூடூத் ஹெட்போன் அழகாகத்தான் இருக்கும். அதில் ஓசை வந்துசேரச் சுணங்கும், தாளம் பிடிக்கவே முடியாது. பழைய வயர் ஹெட்போனே போதும்.

சுணக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே பக்கத்தில் பஃபர் என்று மில்லிசெக்கன் கணக்கில் ஓர் எண் இருக்கும். பொத்தானை அழுத்தியதற்கும் ஓசை வருவதற்கும் உள்ள இடைவெளி இதைப் பொறுத்தது. எண்ணை மிகவும் குறைத்தால் பழைய லப்டொப் மூச்சுவாங்கி, ஓசை படபடவென்று வெடிக்கும். 20 மில்லிசெக்கனை எண்ணிப் பயப்படவேண்டாம். பொக்ஸுக்கு ஏழு மீற்றர் தள்ளி நிற்பவனின் காதுக்கு ஓசை போய்ச்சேர எடுக்கும் நேரம் அவ்வளவுதான். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருக்கும் பெரியம்மாவுக்கு நீங்கள் எப்படியும் பிந்தித்தான் கேட்கப்போகிறீர்கள். அதைப் பற்றி அவர் முறையிட்டால், அது சத்தம் கூட என்பதற்காக இருக்கும்.

இனி வருவது இந்தக் கையேட்டின் கடினமான பாடம். தாளம்.

பாட்டை உள்ளே போட்டதும் மிக்ஸ் அதை ஆராய்ந்து நிமிடத்துக்கு எத்தனை அடி என்று ஓர் எண் சொல்லும். சிங்க் பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டின் எண்ணும் ஒன்றாகி, இரண்டும் கால்மாறாமல் ஓடும். நாலு நாலாக எண்ணும் பாட்டுகளுக்கு இது வேதவாக்கு. ஆனால் நம்முடைய ஆட்கள் ஆடுவது எதற்கு? பைலாவுக்கும் குத்துப்பாட்டுக்கும். இரண்டும் ஆறு எட்டில் உருளுகிற சாதி. கால் இரண்டு அடி வைக்கிற இடத்தில் கொம்பியூட்டர் மூன்று என்று எண்ணிவிடும். 110இல் ஓடும் பாட்டை 165 என்று சத்தியம் பண்ணும். அதை நம்பிச் சிங்க் பொத்தானை அழுத்தினால், 128இல் நிம்மதியாக வந்துகொண்டிருந்த அடுத்த பாட்டு 165க்கு இழுபட்டு, பாடகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்போல் பாடுவார்.

மருந்து மிக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பாட்டின் மேல் வலது பக்கத்தால் சொடுக்கினால், எண்ணை இரட்டிப்பாக்க, பாதியாக்க, மூன்றில் இரண்டாக்க என்று ஒரு பட்டியல் வரும். அந்த மூன்றில் இரண்டு என்பதை, எனக்கென்றால், மட்டக்களப்புப் பொத்தான் என்றுதான் கூப்பிடவேண்டும். 165ஐ மூன்றில் இரண்டாக்கினால் 110. கணக்கு முடிந்தது, மாமாமார் ஆடலாம்.

இந்த ஆறு எட்டு நம்முடைய வாவிக்கரைக்கு வந்த கதையும் சின்னதல்ல. போர்த்துக்கேயர் புளியந்தீவில் 1628இல் கோட்டை கட்டினார்கள்; 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை பத்து வருடத்தில் கைமாறியது, ஆட்டம் கைமாறவில்லை. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் வயலினோடும் றபானோடும் ஆடிவந்த கஃப்ரிஞ்ஞா, வோலி பஸ்தியன் கையில் பைலாவாகி, ஏ. ஈ. மனோகரன் குரலில் சுராங்கனியாகத் தமிழ்நாடு வரைக்கும் போனது. நாலு நூற்றாண்டுப் பயணத்தை ஒரு மென்பொருள் முதல் தடவையிலேயே எண்ணிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பழைய பாட்டுகளில் இன்னொரு பொல்லாப்பு உண்டு. அவை ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை. தபேலாக்காரர் சரணத்தில் உற்சாகமானால் பாட்டும் கொஞ்சம் ஓடும். மிக்ஸோ ஒரே வேகம் என்று கோடு கிழித்துவிடும். இரண்டு நிமிடத்தில் கோடு ஒரு பக்கம், மத்தளம் ஒரு பக்கம். அப்போது சிங்க் பொத்தானை மறந்து, வேகச் சட்டத்தை விரலால் ஏற்றி இறக்கிக் காதால் பிடிக்கவேண்டும். இதைக் கற்றுக்கொள்ள யூடியூபில் ஆயிரம் பாடம் கிடக்கிறது. நான் ஒன்றையும் சிபாரிசு செய்யமாட்டேன். பக்கத்து ஊரில் கூத்து அரங்கேறினால் போய்க் களரியின் ஓரத்தில் விடியும்வரை இருங்கள். ஆட்டக்காரரை விட்டுவிட்டு அண்ணாவியாரைப் பாருங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு வரவுத் தாளம். ஆட்டக்காரன் வேகம் பிடிக்கும்போது மத்தளமும் ஏறும், அவன் களைத்தால் தாளம் அவனைத் தாங்கிக்கொள்ளும். அண்ணாவியாரின் கண் மத்தளத்தில் இருக்காது, ஆட்டக்காரனின் காலில் இருக்கும். நம்முடைய டிஜேமாரில் பெரும்பாலானோர் இரவு முழுக்கத் திரையில் ஓடும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் ஆட்கள் கதிரைக்குத் திரும்பிப் போய்விட்டதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. எண்ணைச் சொல்வது மிக்ஸின் வேலை. காலைப் பார்ப்பது உங்கள் வேலை. அதற்கு இன்னும் மென்பொருள் வரவில்லை.

வேகத்தோடு சுருதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டின் வேகத்தை நூற்றுக்கு ஆறு கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். அதைத் தடுக்கக் கீ லொக் என்ற பூட்டுப் பொத்தான் உண்டு. இசையில் கணக்கு இருக்கிறது என்பதை 1947இல் வெளிவந்த யாழ் நூலில் காட்டிய காரைதீவு விபுலாநந்த அடிகளின் ஊர்ப்பக்கத்தில் பிறந்துவிட்டு, டி. எம். எஸ். குரலை அணில் குரலாக்கினால் மன்னிப்புக் கிடையாது. பூட்டைப் போட்டுவிடுங்கள்.

பாட்டுகளைச் சேர்த்துவைக்க மிக்ஸில் கிரேட் என்ற பெட்டிகள் உண்டு. ஆங்கிலப் பெயர்கள் வைத்துப் பந்தா காட்டவேண்டாம். 'அப்பாமார்', 'மச்சான்மார்', 'சாப்பாட்டு நேரம்', 'ஆட்கள் எழும்பிப் போகவேண்டும்' என்று நாலு பெட்டி இருந்தால் எந்த விசேசத்தையும் ஒப்பேற்றலாம். சாமத்தியவீடென்றால் ஐந்தாவதாக ஒரு பெட்டி, மாமிமாருக்கு. அதைத் தொடாமல் வைத்திருந்து, கேக் வெட்டிய பிறகு திறக்கவேண்டும்.

எவ்வளவு அடுக்கினாலும், ஒன்பது மணிக்கு மேல் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வருவார். அவர் பெரும்பாலும் சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்திருப்பார். 'மனே, இந்தப் பாட்டொண்டு போடு' என்பார். பாட்டு வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய முப்பது செக்கன் துண்டாக இருக்கும். 'ஓம் மாமா, இரண்டு பாட்டுக்குப் பிறகு' என்பதுதான் சரியான பதில். இல்லை என்று சொன்னவன் வாழ்ந்ததில்லை. இரண்டு பாட்டுக்குப் பிறகு மாமா ஆடிக்கொண்டிருப்பார், அல்லது படுத்திருப்பார். மைக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாட்டைத் திருப்பி எடுக்கலாம், மாமாவிடமிருந்து மைக்கைத் திருப்பி எடுக்க முடியாது.

நிகழ்ச்சிக்கு முன் லப்டொப்பை விமானப் பயன்முறையில் போடுங்கள். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நல்ல நாள் பார்ப்பதில்லை. கணினியின் மணியோசைகளையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு 'டிங்'கும் இரண்டாயிரம் வோட்ஸில் ஊருக்குக் கேட்கும்.

மின்சாரத்தைப் பற்றித் தனி நூலே எழுதலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதைக் கண்டவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜெனரேட்டர்காரரின் நம்பரைத் தாய்மாமன் நம்பருக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். பொக்ஸில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால் பேய் என்று நினைக்கவேண்டாம். லப்டொப்பின் சார்ஜர் வழியாக 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் ஓசைக் கம்பிக்குள் ஊடுருவுகிறது. சார்ஜரைக் கழற்றினால் முனகல் நிற்கும். ஒரு மணித்தியாலத்தில் லப்டொப்பும் நிற்கும். இரண்டில் எது வேண்டும் என்பதைக் குடும்பத்தார் கூடி முடிவெடுக்கலாம். அல்லது காசை மிச்சம் பிடிக்காமல், முனகலை வெட்டும் ஐசொலேட்டர் ஒன்றை சவுண்ட்ஸ் கடையில் கேட்டு வாங்கலாம்.

அனுமதி. ஒலிபெருக்கிக்குப் பொலிசில் பத்திரம் எடுக்கவேண்டும். வெலிகம வழக்கில் 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னதன்படி இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. விதிவிலக்குகள் உண்டு; மச்சானின் பிறந்தநாள் அவற்றில் சேராது. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் ஊரென்றால் டிஜே என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அந்த இரவுகள் வழக்குரைக்கு உரியவை. பரீட்சைக் காலத்தில் ஓ எல் எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டுப் பக்கம் பொக்ஸைத் திருப்பினால் பொலிஸ் வரவேண்டியதில்லை, அந்தப் பிள்ளையின் தாயே வருவார்.

எல்லாம் முடிந்ததும் மிக்ஸின் ரெக்கோர்டிங் கோப்பை வீட்டில் தனியாகப் போட்டுக் கேளுங்கள். தொடங்கும்போதே அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கவேண்டும் என்பதை இப்போது சொல்வது இந்தக் கையேட்டின் குறை. கேட்டால் பாதை எங்கே முட்டியது, எங்கே மூழ்கியது என்று விளங்கும். உழைத்த காசில் முதல் பங்கு சவுண்ட்ஸ் வாடகைக்கு, இரண்டாவது ஜெனரேட்டர் டீசலுக்கு. மிஞ்சினால் மிக்ஸ் எழுதும் தொண்டர்களுக்கு ஏதாவது அனுப்புங்கள். கூலியில் பாதியை முற்பணமாக வாங்கிவிடுங்கள். மாமா முறையானவர்களிடம் முழுவதையும்.